1:2:4 கலவை: 7 பெட்டி போட்டேன், 7 பெட்டி வரவில்லை. கணக்கில் எங்கே ஓட்டை?

#1 அரைச்சுவர்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி நிறுத்த ஒரு தரைத்தளம் போட ஆரம்பித்தேன். மண்ணின்மேல் போடும் வெறும் கான்கிரீட், கம்பி கிடையாது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம். பெருக்கினால் 1.2 கன மீட்டர்.

கலவை 1:2:4 (சிமெண்ட் 1, மணல் 2, ஜல்லி 4), ஆக மொத்தம் 7 பங்கு. 1.2 ஐ 7 ஆல் வகுத்தால் 0.171 கன மீட்டர், அதாவது சிமெண்ட் 171 லிட்டர். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 34.7 லிட்டர் என்று படித்திருந்தேன். வகுத்தால் 4.94 வந்தது, 5 மூட்டை வாங்கினேன். பலகையில் 40 x 35 x 25 செ.மீ. உள்ளளவில் ஒரு அளவுப் பெட்டி அடித்தேன். கொள்ளளவு சரியாக 35 லிட்டர். ஒரு மூட்டைக்கு 2 பெட்டி மணல், 4 பெட்டி முக்கால் அங்குல ஜல்லி, ஒவ்வொரு பெட்டியும் தலைதட்டி அளந்தது.

5 மூட்டையும் தீர்ந்தபோது கான்கிரீட் 2.5 மீட்டர் வரைதான் வந்திருந்தது. மீதி ஒன்றரை மீட்டர் வெறும் தரை. பெருக்கலை நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன், தப்பில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கே போயிற்று?

#2 பழைய கரண்டி

தம்பி, பெருக்கல்ல தப்பில்ல. ஜல்லிக்குள்ள இருக்கிற ஓட்டையை நீ கணக்குல சேர்க்கல.

ஒரு 10 லிட்டர் வாளியில ஜல்லியைத் தலைதட்டி நிரப்பு. அதுக்கு மேல சொம்பு சொம்பா தண்ணி ஊத்து. வழியறதுக்குள்ள 4 லிட்டர், சமயத்துல நாலரை கூட உள்ள போயிடும். வாளி நிறைய கல்லுன்னு நீ நினைச்சதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா காத்துதான் இருக்கு. நீ போட்ட மணல் அந்தக் காத்து இருந்த இடத்துல போய் உக்காந்துக்கும். மணலுக்கு நடுவுல இருக்கிற ஓட்டையில சிமெண்டும் தண்ணியும் போய் உக்காரும். 7 பெட்டி கொட்டினா நாலரை பெட்டி கிடைக்கும். எங்க காலத்துல கணக்கே அதுதான், ஏழுக்கு நாலரை.

#3 வாளி

அப்படிப் பார்த்தால் 4 பெட்டி ஜல்லிக்குள்ளேயே எல்லாம் அடங்கி 4 பெட்டிதானே வரவேண்டும்? நாலரை எப்படி?

#4 பழைய கரண்டி

மணல் உள்ள போறப்போ கல்லும் கல்லும் ஒட்டி நிக்காது, கொஞ்சம் விலகி வழிவிடும். கல் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு இருந்தா கரண்டி போடவே முடியாது, ஓரத்துல தேன்கூடு மாதிரி பொத்தலாத்தான் வரும். அந்த விலகலுக்குத்தான் அரைப் பெட்டி.

#5 சல்லடை

கரண்டி ஐயா சொன்ன நாலரையைத்தான் புத்தகத்தில் 1.54 என்று எழுதியிருப்பார்கள். 1 கன மீட்டர் கான்கிரீட் வேண்டுமென்றால் உலர்ந்த பொருளாக 1.54 கன மீட்டர் சேர்க்கவேண்டும். 7 ஐ 1.54 ஆல் வகுத்துப் பாருங்கள், 4.55 வரும்.

அரைச்சுவர், உங்கள் 1.2 ஐ முதலில் 1.54 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். 1.848. அதை 7 ஆல் வகுத்தால் 0.264 கன மீட்டர், அதாவது 7.6 மூட்டை. வாங்கவேண்டியது 8, வாங்கியது 5.

1 கன மீட்டருக்கான கணக்கை எழுதிவைத்துக்கொண்டால் எந்த வேலைக்கும் பெருக்கிக்கொள்ளலாம். 1:2:4 என்றால் சிமெண்ட் 0.22 கன மீட்டர் (சுமார் 317 கிலோ, 6.3 மூட்டை), மணல் 0.44, ஜல்லி 0.88. கொஞ்சம் வலுவான 1:1½:3 க்குப் பங்கு ஐந்தரை. சிமெண்ட் 0.28 (403 கிலோ, 8 மூட்டை), மணல் 0.42, ஜல்லி 0.84. அடித்தளத்துக்குக் கீழே போடும் 1:3:6 என்றால் சிமெண்ட் 4.4 மூட்டைதான், மணல் 0.46, ஜல்லி 0.92. மூன்றிலும் ஜல்லி கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பதைக் கவனியுங்கள். அது எங்கும் போவதில்லை. மாறுவதெல்லாம் அதன் இடுக்கில் எது எவ்வளவு போகிறது என்பதுதான்.

#6 பழைய கரண்டி

அடிக்கணக்கு போடறவங்களுக்கு: 100 கன அடி 1:2:4 க்கு 18 மூட்டை, 44 அடி மணல், 88 அடி ஜல்லி. நாப்பது வருஷமா இதை நான் காகிதத்துல எழுதினதே இல்ல.

#7 வாளி

ஒரு சந்தேகம். ஓர் இடத்தில் "54 சதவீதம் கூட்ட வேண்டும்" என்கிறார்கள். இன்னோர் இடத்தில் "35 சதவீதம் சுருங்கும்" என்கிறார்கள். எது சரி?

#8 சல்லடை

இரண்டும் ஒன்றேதான். 7 பெட்டி 4.55 ஆகும்போது போனது 2.45. அது 7 இல் 35 சதவீதம். அதே 2.45 ஐ 4.55 இலிருந்து பார்த்தால் 54 சதவீதம். சுருங்குவதாகச் சொல்பவர் கொட்டிய இடத்திலிருந்து பார்க்கிறார், கூட்டச் சொல்பவர் போட்ட இடத்திலிருந்து பார்க்கிறார். 35 ஐ எடுத்துக் கூட்டிவிட்டால் மறுபடியும் பொருள் குறையும். அந்தத் தப்பு நிறையப் பேர் செய்வது.

#9 தூக்குகுண்டு

எல்லாம் சரி, ஆனால் கணக்கு இன்னும் உதைக்கிறது. 5 மூட்டைக்கு 35 பெட்டி. மூட்டையளவான 34.7 லிட்டரையே பெட்டியளவாகக் கொண்டால் 1,215 லிட்டர். 1.54 ஆல் வகுத்தால் 789 லிட்டர் கான்கிரீட். 3 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனத்துக்கு அது 2.63 மீட்டர் நீளம் வரவேண்டும். அவருக்கு வந்தது 2.5. அதாவது 750 லிட்டர். மீதி 39 லிட்டர் எங்கே?

#10 சல்லடை

நல்ல கேள்வி. மணல் ஈரமாக இருந்ததா, அரைச்சுவர்?

#11 அரைச்சுவர்

ஆமாம். முந்தின நாள் ஒரு தூறல். குவியலை மூடி வைக்கவில்லை. சொட்டச் சொட்ட இல்லை. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், அவ்வளவுதான்.

#12 சல்லடை

உருண்டையாக நிற்கும் ஈரம்தான் ஆபத்தான ஈரம்.

மணல் துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொள்ளும். அது துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாது. 4 முதல் 6 சதவீத ஈரத்தில் மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பிவிடும். பொடி மணல் இன்னும் அதிகமாகவே உப்பும். முழுக்க நனைந்து நீரில் அமிழ்ந்துவிட்டால் படலம் உடைந்து பழைய அளவுக்கே இறங்கிவிடும். எலும்பாகக் காய்ந்த மணலும் தண்ணீரில் மூழ்கிய மணலும் ஒரே கனஅளவு, நடுவில் உள்ளதுதான் ஏமாற்றும். "கொட்டி அளந்தாலும் குறுணி பதக்காகுமா" என்பார்கள் (பதக்கு என்பது இரண்டு குறுணி). ஈர மணல் விஷயத்தில் ஆகித்தான் தொலைக்கிறது.

25 சதவீத உப்பல் என்று வைத்துப் பார்ப்போம். நீங்கள் போட்ட 2 பெட்டியில் உண்மையான மணல் 1.6 பெட்டிதான். மூட்டைக்கு 13.9 லிட்டர் மணல் குறைவு. லிட்டருக்கு 1.6 கிலோ என்று வைத்தால் 22 கிலோ. மணல் துகளின் அடர்த்தி 2.65 என்பதால் கான்கிரீட்டில் அது அடைக்கும் இடம் 8.4 லிட்டர். 5 மூட்டைக்கு 42 லிட்டர். காணாமல்போன 39 இதோ!

#13 தூக்குகுண்டு

அழகாகப் பொருந்துகிறது, அதனால்தான் எனக்குச் சந்தேகம். 25 என்பது நீங்களே எடுத்துக்கொண்ட எண். 15 என்று எடுத்திருந்தால் பொருந்தியிருக்காது. என்னிடமும் ஒரு விளக்கம் இருக்கிறது: தரை சராசரியாக 5 மி.மீ. பள்ளம். 2.5 x 3 மீட்டருக்கு அது 37.5 லிட்டர். இதுவும் பொருந்துகிறதே! அளக்காமல் பேசினால் எல்லாமே பொருந்தும்.

அரைச்சுவர், கான்கிரீட் நின்றுபோன ஓரத்தில் கனம் எவ்வளவு என்று டேப் வைத்துப் பாருங்கள்.

#14 சின்ன மேஸ்திரி

இவ்வளவு பேச்சு எதுக்கு சார்? எங்க சைட்ல மூட்டைக்கு 4 பாண்டு (தூக்கற சட்டி) மணல், 8 பாண்டு ஜல்லி. பெட்டியும் கிடையாது கால்குலேட்டரும் கிடையாது. போட்ட தளம் எல்லாம் நிக்குது.

#15 சல்லடை

நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பாண்டு எத்தனை லிட்டர்? தலைதட்டியா, குவித்தா?

#16 சின்ன மேஸ்திரி

சரி, நீங்க கேட்டதுக்காக இன்னிக்கு 35 லிட்டர் பெட்டில கொட்டிப் பார்த்தேன். தலைதட்டினா ரெண்டரை பாண்டு பிடிச்சது. குவிச்சுப் போட்டா ரெண்டே பாண்டுல நிரம்பி கொஞ்சம் வழிஞ்சுது. நாங்க குவிச்சுத்தான் போடுவோம்.

#17 சல்லடை

அப்படியானால் தலைதட்டிய பாண்டு 14 லிட்டர், குவித்தது ஏறக்குறைய 18. குவித்து 4 போட்டால் 72 லிட்டர், அதாவது 2 பெட்டிக்கு ஒரு கைப்பிடி கூட. உங்கள் விதி சரிதான், நீங்கள் அளந்ததால் இப்போது நமக்கும் தெரிகிறது. ஆனால் அதே 4ஐயும் 8ஐயும் யாராவது தலைதட்டிப் போட்டால் கலவை 1:1.6:3.2 ஆகிவிடும். வலு கூடும், அளவு குறையும், சிமெண்ட் எதிர்பாராமல் தீரும்.

#18 பழைய கரண்டி

காலைல பாண்டு கோபுரமா வரும், சாப்பாட்டுக்கு அப்புறம் தலைதட்டி வரும், அஞ்சு மணிக்கு முக்கால் பாண்டு வரும். தூக்கறவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, இடுப்புன்னு ஒண்ணு இருக்கு. அதனாலதான் பெட்டி. பெட்டிக்குக் களைப்பு தெரியாது.

#19 அரைச்சுவர்

அளந்துவிட்டேன். ஓரத்தில் ஐந்து இடம் பார்த்தேன்: 10, 10.5, 10, 11, 10 செ.மீ. சராசரி 10.3.

மணலையும் பார்த்தேன். இதை எப்படிச் செய்வது என்று தனிச்செய்தியில் சல்லடை ஐயாதான் சொன்னார். நேரான கண்ணாடி ஜாடி ஒன்றில் குவியலின் நடுவிலிருந்து எடுத்த மணலைக் குத்தாமல் அழுத்தாமல் 20 செ.மீ. உயரம் வரை போட்டேன். அதை வேறு பாத்திரத்தில் கொட்டி வைத்துவிட்டு, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டு குச்சியால் கிளறினேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. அடங்கியபின் மணல் நின்ற உயரம் 17 செ.மீ.

கண்ணெதிரே 3 செ.மீ. காணாமல் போனதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. இரண்டு தடவை செய்தேன்.

#20 சல்லடை

20 இலிருந்து 17. வித்தியாசத்தை இறங்கிய உயரத்தால் வகுக்கவேண்டும், ஏறிய உயரத்தால் அல்ல. 3 ஐ 17 ஆல் வகுத்தால் 17.6 சதவீத உப்பல். நான் எடுத்துக்கொண்ட 25 தப்பு, தூக்குகுண்டு சந்தேகப்பட்டது சரி.

இப்போது மறுபடி: 17.6 சதவீத உப்பலால் மூட்டைக்கு 6.3 லிட்டர் குறைவு, 5 மூட்டைக்கு 31 லிட்டர். போட்ட கான்கிரீட்டோ 2.5 x 3 x 0.103 = 772 லிட்டர். மணல் முழுதாக இருந்திருந்தால் 803 லிட்டர் வந்திருக்கும். மூட்டைக்கு 161. 1.54 கணக்குப்படி மூட்டைக்கு 158.

#21 தூக்குகுண்டு

அப்படியென்றால் 1.54 உம் தப்பா?

#22 சல்லடை

1.54 ஒரு கைக்கணக்கு. சிலர் 1.52 என்பார்கள், சிலர் 1.57 என்பார்கள், அதில் சண்டை போடுவது வீண். உங்கள் ஜல்லி எப்படி, மணல் எப்படி என்று அதற்குத் தெரியாது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் காற்றை விட்டுவிட்டுக் கெட்டிப் பொருளை மட்டும் கூட்டவேண்டும்.

ஒரு மூட்டைக் கலவைக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிமெண்ட் 50 கிலோ, துகளடர்த்தி 3.15, எனவே 15.9 லிட்டர். (அதே சிமெண்ட் மூட்டையில் 34.7 லிட்டர் அடைத்துக்கொண்டிருந்தது!) மணல் 69.4 லிட்டர், எடை 111 கிலோ, 2.65 ஆல் வகுக்க 41.9. ஜல்லி 138.8 லிட்டர், லிட்டருக்கு 1.5 கிலோ வீதம் 208 கிலோ, 2.7 ஆல் வகுக்க 77.1. தண்ணீர் 27.5 லிட்டர். கூட்டினால் 162.4. எவ்வளவு குத்தினாலும் 2 சதவீதம் போலக் காற்று தங்கும், அதையும் சேர்த்தால் 165 ஐத் தாண்டும்.

கைக்கணக்கு 158, கெட்டிக்கணக்கு 165, மணல் குறையைச் சரிக்கட்டினால் அவருக்கு வந்தது 161. சவலில் ஒட்டியது, தள்ளுவண்டியில் ஒட்டியது, ஓரம் சிந்தியது எல்லாம் போக இது நல்ல விடை. பொருள் வாங்க 1.54 போதும், கொஞ்சம் கூடவே வாங்க வைக்கும். அது நல்லதுதான்.

ஒரு எச்சரிக்கை: மணலுக்கு 1.6, ஜல்லிக்கு 1.5 என்று நான் எடுத்தவை பொதுவான எடைகள். தெரிந்த கொள்ளளவுள்ள வாளியில் தலைதட்டி எடைபோட்டால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

#23 வாளி

என் வாளியின் கொள்ளளவு தெரியாதே? மேல் அகலம், அடி குறுகல். சூத்திரம் இருக்கிறதா?

#24 தூக்குகுண்டு

சூத்திரம் இருக்கிறது, வேண்டாம். வெறும் வாளியை எடைபோடு, தண்ணீர் நிரப்பி எடைபோடு. எத்தனை கிலோ கூடியதோ அத்தனை லிட்டர்.

#25 வாளி

நன்றி. இன்னொன்று. எங்கள் பக்கம் மூட்டை 40 கிலோ. அப்போது?

#26 சல்லடை

1 கன மீட்டர் சிமெண்ட் 1,440 கிலோ என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 40 கிலோ மூட்டை 27.8 லிட்டர், 25 கிலோ 17.4 லிட்டர். பெட்டியை அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மூட்டை 94 பவுண்டு, அது சரியாக 1 கன அடி என்று வைத்திருக்கிறார்கள். கணக்குக்கு வசதியான மூட்டை.

ஆனால் சிமெண்டைப் பெட்டியில் கொட்டி அளக்காதீர்கள். மேலிருந்து கொட்டினால் பொடி காற்றை வாங்கி உப்பும், தட்டினால் இறங்கும். ஒரே மூட்டையை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை. மூட்டையின் எடை அச்சடித்திருக்கிறது, நம் கையில் இருக்கும் ஒரே நம்பகமான எண் அதுதான். மணலும் ஜல்லியும் மூட்டைக்கு ஏற்ப அளக்கப்படட்டும். அரை மூட்டை தேவையென்றால் தராசில் 25 கிலோ.

#27 சின்ன மேஸ்திரி

இத்தனை பேரு பேசிட்டீங்க, தண்ணியைப் பத்தி ஒருத்தரும் பேசல. அதுதான் கலவையைக் கெடுக்கறது. அரைச்சுவர், எவ்வளவு ஊத்தினீங்க?

#28 அரைச்சுவர்

உண்மையைச் சொல்கிறேன், எண்ணவில்லை. சவலுக்கு இலகுவாக வரும்வரை ஊற்றினேன். மூன்றாவது மூட்டையில் கொஞ்சம் ஓடிவிட்டது.

#29 பழைய கரண்டி

அடப்பாவி. ஜல்லியைப் பெட்டி கட்டி அளந்துட்டு தண்ணியைக் கண்ணால ஊத்தியிருக்கே.

#30 சல்லடை

சின்ன மேஸ்திரி சொன்னது நூற்றுக்கு நூறு. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918 இல் எழுதிவிட்டார். மணலும் ஜல்லியும் கொஞ்சம் கூடக்குறைய ஆனால் மன்னிக்கும். தண்ணீர் மன்னிக்காது. சிமெண்ட் இறுகுவதற்குத் தன் எடையில் கால் பங்கு தண்ணீர் போல எடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் நாம் கிளறவும் பரப்பவும் ஊற்றுவது. அது காய்ந்து வெளியேறும்போது விட்டுப்போகும் நுண்துளைதான் பலவீனம்.

இந்தத் தரைக்கு எடைக்கு எடை 0.55 வைத்துக்கொள்ளலாம், 50 கிலோவுக்கு 27.5 லிட்டர். எப்படி ஆனாலும் 30 ஐத் தாண்டவேண்டாம். ஆனால் இதை அப்படியே ஊற்றிவிடக்கூடாது, மணலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அரை கிலோ மணலை வாணலியில் வறுத்து எடைபோடுங்கள்.

#31 அரைச்சுவர்

வறுத்தேன். 500 கிராம் போட்டேன், சலசலவென்று தனித்தனியாக உதிரும்வரை வறுத்து ஆறவைத்தபின் 476 கிராம். (வாணலி யாருடையது என்று கேட்காதீர்கள், வீட்டில் விசாரணை நடக்கிறது.)

#32 சல்லடை

24 கிராம் தண்ணீர், 476 கிராம் மணல், 5 சதவீதம். மூட்டைக்கு 111 கிலோ மணல் என்றால் அதிலேயே ஐந்தரை லிட்டர் வந்துவிட்டது. ஊற்றவேண்டியது 22 லிட்டர்தான். அந்த ஐந்தரையைக் கழிக்காமல் 27.5 ஊற்றினால்கூட விகிதம் 0.66 க்குப் போய்விடும். ஓடிய மூட்டையைப் பற்றிப் பேசவேண்டாம்.

#33 தூக்குகுண்டு

ஆக ஈர மணல் இரண்டு வழியிலும் வெட்டுகிறது. மணலைக் குறைத்துவிடுகிறது, தண்ணீரைக் கூட்டிவிடுகிறது. முன்னது ஜாடியில் தெரிந்துவிடும், பின்னது வாணலியில்.

#34 அரைச்சுவர்

மீதி ஒன்றரை மீட்டரை இந்த வாரம் போடப்போகிறேன். கணக்கைப் பாருங்கள்.

1.5 x 3 x 0.1 = 0.45 கன மீட்டர். 1.54 ஆல் பெருக்க 0.693. 7 ஆல் வகுக்க 0.099, அதாவது 99 லிட்டர், 2.85 மூட்டை. 3 வாங்குகிறேன். மூட்டைக்கு உலர்ந்த மணல் 2 பெட்டி, 17.6 சதவீத உப்பலுக்கு 2.35 பெட்டி. மூன்றுக்கும் சேர்த்து 7 பெட்டிக்குக் கொஞ்சம் மேலே. ஜல்லி 12 பெட்டி. தண்ணீர் மூட்டைக்கு 22 லிட்டர். சரியா?

#35 பழைய கரண்டி

சரி. ஆனா 2.35 பெட்டின்னு எவன் நின்னு அளப்பான்? மணலுக்குத் தனிப் பெட்டி அடி. நீளம் அகலம் அதே, உயரம் 25 க்குப் பதிலா 29½ செ.மீ. அது ரெண்டு போட்டா உன் 2.35 தானா வந்துடும். உள்பக்கம் 25 லயும் ஆணியால ஒரு கோடு கிழிச்சு வை, மணல் காஞ்சுபோன நாள்ல அதுவரைக்கும் போட்டுக்கலாம். அடி இல்லாம நாலு பக்கம் மட்டும் அடிச்சா இன்னும் நல்லது. தரையில வெச்சு நிரப்பி அப்படியே தூக்கிடலாம், கவுக்க வேண்டியதில்ல.

பழைய ஓரத்தை அப்படியே விட்டு ஒட்டாதே. உளியால கொத்தி, மேல படிஞ்ச பால் மாதிரி பொடியை எடுத்து, கல்லு தெரியணும். கழுவி, ஈரமா இருக்கும்போது சிமெண்ட் பால் தடவி, அது காயறதுக்குள்ள புதுசைப் போடு. தரைங்கறதால தப்பிச்சே. கூரையா இருந்து பாதில நின்னிருந்தா கதை வேற.

#36 சல்லடை

போடும் நாள் காலையில் ஜாடிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். குவியலின் மேல்பகுதி காய்ந்திருக்கும், அடி ஈரமாக இருக்கும். முதலில் மண்வெட்டியால் புரட்டி ஒன்றாக்கிவிட்டு எடுங்கள்.

கெட்டித்தனம் பார்க்க ஒரு கூம்பு கிடைத்தால் நல்லது: 30 செ.மீ. உயரம், அடி 20, மேல் 10. மூன்று அடுக்காக நிரப்பி அடுக்குக்கு 25 குத்து, பிறகு கூம்பை நேரே மேலே தூக்கினால் குவியல் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கையால் குத்தும் தரைக்கு 7 முதல் 10 செ.மீ. இறங்கினால் போதும். இறங்கவில்லை என்றால் தண்ணீரை மட்டும் கூட்டாதீர்கள், ஜல்லியில் அரைப் பெட்டி குறைத்துப் பாருங்கள்.

#37 வாளி

இந்தக் கணக்கை வைத்து பில்லரும் பீமும் போடலாமா?

#38 சல்லடை

கூடாது. கனஅளவில் அளப்பது தரை, நடைபாதை, அடித்தளத்துக்குக் கீழுள்ள படுகை மாதிரி வேலைகளுக்கு. சுமை தாங்கும் கம்பிக் கான்கிரீட்டுக்குப் பொறியாளர் வடிவமைத்த கலவை, எடைபோட்டு அளந்தது வேண்டும். இதற்குமேல் வேண்டுமானால் புது இழை திறவுங்கள்.

#39 அரைச்சுவர்

போட்டு முடித்தேன். மணலைப் புரட்டியபின் ஜாடி மறுபடியும் 17 தான் காட்டியது. மணல் பெட்டி 29½ இல் அடித்தேன், அடியில்லாமல். அது உண்மையிலேயே வேலையைப் பாதியாக்கியது. தண்ணீர் 22 லிட்டரில் முதல் மூட்டைக் கலவையைப் பார்த்து "இது வராது" என்று நினைத்தேன். இன்னும் இரண்டு நிமிடம் புரட்டியதும் தானாக இளகியது. தண்ணீரைக் கூட்டவேயில்லை. கரண்டியால் அழுத்தினால் மேலே பளபளப்பு வருகிறது, ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடவில்லை.

ஒன்றரை மீட்டரும் முடிந்தது. மிஞ்சியதை அளவுப் பெட்டியில் போட்டேன், 14 செ.மீ. உயரம் நின்றது. அதாவது 19.6 லிட்டர்.

#40 தூக்குகுண்டு

மூட்டைக்கு 161 என்றால் மூன்றுக்கு 483. தளத்துக்கு 450 போனால் 33 மிஞ்சவேண்டும். 20 தானே இருக்கிறது. மீதி 13 லிட்டர்?

#41 அரைச்சுவர்

தரையை இந்தத் தடவை மட்டப்பலகை வைத்துத்தான் சமன் செய்தேன். ஆனாலும் நாலரை சதுர மீட்டரில் 13 லிட்டர் என்பது 3 மி.மீ. கூட இல்லை. அதுவும் போக, என் செருப்பை நீங்கள் பார்க்கவில்லை.

#42 பழைய கரண்டி

செருப்பைக் கழுவு, தளத்தைக் கழுவாதே. நாளைக் காலைல ஈரச் சாக்கு போட்டு மூடு, ஏழு நாளைக்குக் காயவிடாதே. அதுவரைக்கும் வண்டி வெளியவே நிக்கட்டும்.